கிளைவின் குண்டுக்குப் பேரீச்சம்பழம்

ஆரணியில் என் பெரியப்பா வீட்டுத் தறிக்கூடத்தில் ஒரு இரும்புக் குண்டு இருந்தது. காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக்கொடுத்து வைத்திருப்பார். கல்யாணப் பட்டு எடுக்க வெளியூரிலிருந்து யார் வந்தாலும், முந்தானையை விரிப்பதற்கு முன் குண்டைத்தான் காட்டுவார். “கிளைவு சுட்டது. கொல்லைக் கிணத்துல தூர் வாரும்போது கெடைச்சுது.” வந்தவர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். அவ்வளவு பெரிய சரித்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லக் கூச்சப்பட்டு, சொன்ன விலைக்கே புடவை எடுத்துப் போனவர்கள் உண்டு.

ஒருநாள் மகள் கல்யாணத்துக்குப் புடவை பார்க்க ஒரு உடற்பயிற்சி ஆசிரியர் வந்தார். பெரியப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். ஆசிரியர் குனிந்து குண்டைத் தூக்கிக் கழுத்தோடு அணைத்துக்கொண்டு, அரைச் சுற்றுச் சுற்றி, எறியாமல் நிறுத்தினார். அடிப்பக்கத் துருவை நகத்தால் சுரண்டினார். 7.26 என்று பொறித்திருந்தது.

“அண்ணே, இது ஷாட்புட்டுங்க. ஆம்பளைங்க குண்டு எறியற போட்டிக்கு இதான் எடை.”

பெரியப்பா அசரவில்லை. “இன்னா சார் பேசறீங்க? கிளைவு மட்டும் உருட்டியா வுட்டாரு? அவரும் எறிஞ்சதுதானே!”

புடவை விற்றது. ஐந்நூறு குறைத்துத்தான்.

பெரியப்பாவின் பொய்யிலும் ஒரு தூரத்து உறவு இருந்தது என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. 7.26 கிலோ என்பது 16 பவுண்டு. பொழுது போகாத சிப்பாய்கள் பீரங்கிக் குண்டை யார் தூரமாக எறிவது என்று போட்டி போட்டதிலிருந்துதான் அந்த விளையாட்டே வந்தது என்கிறார்கள். ஆனால் அன்று என் மனதில் விழுந்த கேள்வி வேறு. பெரியப்பா குண்டு போலி, சரி. அசல் குண்டெல்லாம் எங்கே போயிற்று? ஆற்காடு 1751, ஆரணி 1751, வந்தவாசி 1760, செங்கமும் திருவண்ணாமலையும் 1767, புள்ளலூர் 1780, மறுபடி புள்ளலூர் 1781, மறுபடி ஆரணி 1782. முப்பது வருஷம் இந்த வட்டாரத்தில் மழை பெய்ததோ இல்லையோ, இரும்பு பெய்திருக்கிறது.

முதல் ஆரணிச் சண்டையின் கதை, தாயாதிச் சண்டைக்கு வெளியூர் வக்கீல் இரண்டு பேர் வந்த கதை. ஆற்காட்டு நவாப் நாற்காலிக்கு முகமது அலி ஒரு பக்கம், சந்தா சாகிப் மறுபக்கம். முகமது அலிக்கு ஆங்கிலேயர், சந்தா சாகிப்புக்கு பிரெஞ்சுக்காரர். இதில் ஆரணிக்காரனுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. அவன் வயல் மட்டும் வழியில் இருந்தது.

ராபர்ட் கிளைவ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்ததே குமாஸ்தா வேலைக்கு. சென்னையில் மனமுடைந்து ஒருமுறை தன்னையே சுட்டுக்கொள்ளப் பார்த்தார், கைத்துப்பாக்கி இரண்டு தடவையும் வெடிக்கவில்லை என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையானால், நம் ஊர்ச் சரித்திரத்திலேயே அதிகச் சேதம் விளைவித்த வெடிக்காத குண்டு அதுதான். வயது 26 ஆவதற்குள் அவர் 200 வெள்ளைக்காரர், 300 சிப்பாய், மூன்று பீரங்கியோடு சந்தா சாகிப் வசமிருந்த ஆற்காட்டுக்குக் கிளம்பினார். வழியில் இடி, மின்னல், பெருமழை. ‘இந்த மழையிலும் நிற்காமல் நடந்து வருகிறார்கள்’ என்று ஒற்றர்கள் சொல்ல, அதைக் கெட்ட சகுனமாக எடுத்துக்கொண்ட கோட்டைக்காரர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். குடையில்லாமல் வந்ததற்காக ஒரு கோட்டை கிடைத்தது உலகத்தில் கிளைவ் ஒருவருக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அதைத் திரும்பப் பிடிக்க சந்தா சாகிப்பின் மகன் ரசா சாகிப் வந்து 50 நாள் முற்றுகை போட்டார். இரும்புத் தகடு மாட்டிய யானைகளை விட்டுக் கதவை முட்டச் செய்தார். துப்பாக்கிச் சூடு பட்டதும் யானைகள் திரும்பி, ஓட்டி வந்தவர்களையே மிதித்துக்கொண்டு ஓடின. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கும். பாடப்புத்தகம் சொல்லாமல் விட்ட சமாச்சாரம் ஒன்று உண்டு. கம்பெனியின் ஆஸ்தான வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதி வைத்திருக்கிறார்.

கோட்டைக்குள் ஒரு பூதப் பீரங்கி கிடந்தது. ஔரங்கசீப் டெல்லியிலிருந்து அனுப்பியதாம், 1000 ஜோடி மாடு கட்டி இழுத்து வந்தார்களாம். அதன் குண்டு ஒன்று 72 பவுண்டு. ஏறக்குறைய 33 கிலோ. ஜி.எஸ்.டி.க்காக இப்போது 26 கிலோவாக வரும் ஆரணி அரிசி மூட்டையைவிட ஏழு கிலோ கூடுதல். கிளைவின் ஆட்கள் மண்மேடு கட்டி, அதை மேலே ஏற்றி, 30 பவுண்டு மருந்து திணித்து, எதற்கும் இருக்கட்டும் என்று நீளமாகத் திரி போட்டு, தள்ளி நின்று கொளுத்தினார்கள். குண்டு நேரே போய் நவாபின் அரண்மனையைத் துளைத்துக்கொண்டு போயிற்று. உள்ளே ரசா சாகிப் அதிகாரிகளோடு ஆலோசனையில் இருந்தார்.

அதோடு விட்டார்களா? தினமும் ஒரே ஒரு தடவை, அதிகாரிகள் கூடும் நேரம் பார்த்து, ஒரு குண்டு. மூன்று நாள் கூட்டம் இப்படியே கலைந்தது. கூட்டம் என்றாலே கொட்டாவி விடுகிற அரசு ஊழியர்கள் யாராவது இதைப் படித்தால் பொறாமைப்படுவார்கள். நான்காம் நாள் பீரங்கியே வெடித்துச் சிதறிவிட்டது. டெல்லியிலிருந்து 1000 ஜோடி மாடு இழுத்து வந்த சாமான் மொத்தம் நாலு நாள்தான் தாங்கியது. மாடுகளிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

முற்றுகை தோற்றது. ரசா சாகிப் பின்வாங்கினார், கிளைவ் துரத்தக் கிளம்பினார். முராரி ராவின் மராட்டியக் குதிரைக்காரர்கள் கிளைவுக்குத் துணை. துணை என்றால் அவர்களுக்குக் கொள்கை ஒன்றும் கிடையாது, கொள்ளைதான். ரசா சாகிப் பக்கம் பணம் இருக்கிறது என்று காதில் விழுந்ததும்தான் 600 பேர் உற்சாகமாகச் சேணம் கட்டினார்கள்.

இரண்டு படையும் ஆரணிக்குப் பக்கத்தில் சந்தித்தது 1751 டிசம்பர் 3 என்கிறது ஆங்கிலேயர் கணக்கு. அந்தக் காலத்தில் ஆங்கிலேயர் நாட்காட்டி பிரெஞ்சுக்காரர் நாட்காட்டியைவிட 11 நாள் பின்தங்கியிருந்தது. அடுத்த வருஷம்தான் அதைச் சரிசெய்தார்கள். ஆகவே ஒரே வயலில், ஒரே மதியத்தில், இரண்டு படைகளும் வேறு வேறு தேதியில் நின்று சண்டை போட்டிருக்கின்றன. ஆரணி விவசாயிக்கு எந்தத் தேதியானாலும் ஒன்றுதான். வயலில் தண்ணீர் நின்றது. அது போதும் அவனுக்கு.

கிளைவ் கொஞ்சம் மேடான இடத்தில் நின்றார். வலப்பக்கம் ஒரு கிராமம், அதில் சிப்பாய்கள். இடப்பக்கம் ஒரு தோப்பு, அதில் மராட்டியர். எதிரே நெல்வயல், சேறு. வயலின் குறுக்கே ஒரு ஒற்றை வழிப்பாதை. பிரெஞ்சுக்காரர்கள் பீரங்கிகளோடு அந்த வரப்புப் பாதையிலேயே வரிசையாக வந்தார்கள். கிராமத்திலிருந்து சரமாரியாகச் சுட்டதும், பீரங்கிக்காரர்களைத் தவிர மற்றவர்கள் பாதையை விட்டு வயலில் இறங்கினார்கள்.

ஐரோப்பிய பூட்ஸோடு நாற்றுச் சேற்றில் இறங்கியவனைப் பற்றி நான் விவரிக்க வேண்டியதில்லை. பட்டணத்து மாப்பிள்ளை முதல்முறை மாமியார் வீட்டு வயலைப் பார்க்கப் போனால் என்ன ஆகுமோ அதேதான். பீரங்கிகளைப் பிடிக்க கிளைவ் ஆள் அனுப்பியதும் பாதையில் இருந்தவர்கள் பீரங்கியை இழுத்துக்கொண்டு திரும்ப, அதைப் பார்த்துச் சேற்றில் நின்றவர்களும் ஓட, ராத்திரி வரை துரத்தல். பிரெஞ்சு, ரசா சாகிப் தரப்பில் 200 பேர் வரை விழுந்தார்கள். கிளைவ் தரப்பில் வெள்ளைக்காரர் ஒருவரும் சாகவில்லை, சிப்பாய் எட்டுப் பேர். மராட்டியருக்கு 400 குதிரையும், ரசா சாகிப்பின் ஒரு லட்ச ரூபாய்ப் பெட்டியும் கிடைத்தன. தோற்ற தரப்புச் சிப்பாய்கள் 600 பேர் துப்பாக்கியோடு வந்து கிளைவிடமே வேலைக்குச் சேர்ந்தார்கள். காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி என்பதை நாம் ஏதோ நேற்றுக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மிதிபட்ட பயிருக்கு நஷ்டஈடு கொடுத்ததாக ஓர்ம் எங்கேயும் எழுதவில்லை.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த ஆள் வருகிறார். ஆரணிக் கோட்டையின் கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவர். ரசா சாகிப்பின் சாமான்கள் கோட்டைக்குள் இருப்பதை அறிந்த கிளைவ், சாமானையும் கோட்டையையும் சேர்த்து ஒப்படைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். கொஞ்சம் பேச்சுவார்த்தை நடந்தது. என்ன பேசினார்கள் என்று நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஆரணியில் ஒரு பட்டுப்புடவை பேரம் பார்த்திருக்கிறவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். முடிவில் கில்லேதார் ஒரு யானை, 15 குதிரை, ஏகப்பட்ட மூட்டை முடிச்சுகளை வெளியே அனுப்பினார். எல்லாம் ரசா சாகிப்புடையது. முகமது அலிக்கு விசுவாசப் பிரமாணமும் செய்தார், அதற்குக் காசா பணமா? கோட்டையை மட்டும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். சுவரை உடைக்கும் பெரிய பீரங்கி கிளைவிடம் இல்லை. நாலாவது நாள் வெடித்துப்போனதே, அதற்காக அன்று அவர் நிச்சயம் வருத்தப்பட்டிருப்பார்.

ஆற்காட்டு வீரர் ஆரணியில் ஒரு யானையோடு திரும்பிப் போனார். ஊரான் வீட்டு யானையைக் கொடுத்துத் தன் கோட்டையைக் காப்பாற்றிக்கொண்ட அந்த மனிதருக்கு எங்கள் ஊரில் ஒரு சிலை இல்லை.

அடுத்த முப்பது வருஷம் இந்தப் பக்கத்துச் சண்டைகளில் எதிரியின் குண்டு போதாதென்று சொந்த மருந்து வண்டியும் ஆட்களைச் சாய்த்தது. வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று, ஆங்கிலத் தளபதி ஐர் கூட் பக்கத்துக் குண்டு ஒன்று குளக்கரையில் பதுங்கியிருந்த பிரெஞ்சுக்காரர்களின் மருந்து வண்டியில் விழ, ஒரே வெடியில் 80 பேர் செத்தும் காயப்பட்டும் போனார்கள். பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்று, பிற்பாடு பாரிஸில் தலையையும் இழந்தார். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூரில் ஆங்கிலத் தளபதி பெய்லியின் படை வட்டம் போட்டு நின்றபோது, அவருடைய மருந்து வண்டிகள் வெடித்ததோடு மைசூரின் ஹைதர் அலி வேலையை முடித்துவிட்டார். மறு வருஷம் அதே ஊரில் நடந்த சண்டையில் செத்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு அங்கே தூண்கள் நிற்கின்றன. யாருக்கென்று கேட்டால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

இந்தப் பாடத்தையெல்லாம் படித்த கூட், கிழவராகி, உடம்பு முடியாமல், 1782 ஜூன் 2 அன்று ஆரணிக்கு வந்து சேர்ந்தார். ஹைதரின் தானியமும் தளவாடமும் ஆரணிக் கோட்டையில் குவிந்திருந்தன. அதைத் தட்டிவிட்டால் ஹைதர் பட்டினி என்பது கணக்கு. ஹைதர் விரைந்து வந்து பின்னாலிருந்து மடக்கினார். கத்திரி முடிந்தும் வெயில் முடியாத ஆரணியில் நாள் முழுக்கப் பீரங்கிச் சத்தம். கடைசியில் ஆற்றுப் படுகை மணலில் சக்கரம் புதைந்து நின்ற ஒரு பீரங்கியும் சில மருந்து வண்டிகளும் கூட்டிடம் சிக்கின. கோட்டை சிக்கவில்லை. இரண்டு சண்டை, இரண்டு மகா தளபதிகள், இரண்டு முறையும் ஆரணிக் கோட்டை கைமாறாமல், சாமான் மட்டும் கைமாறியது. அந்த வருஷ டிசம்பரில் ஹைதர் போனார், மறு ஏப்ரலில் கூட் போனார். கோட்டைக்குள் பிறகு அரசு அலுவலகங்கள் வந்தன. கிளைவுக்கும் கூட்டுக்குமே மசியாத இடத்தில் ஒரு வில்லங்கச் சான்றிதழ் வாங்கப் போய்ப் பாருங்கள், சரித்திரம் உயிரோடு இருப்பது தெரியும்.

சரி, குண்டுகள்? வயல் சேற்றில் விழுந்தவை உழும்போது மேலே வந்திருக்கும். அசல் வார்ப்பிரும்பு. அருங்காட்சியகத்துக்குப் போனவை போக, மீதிக்கு என்ன கதி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ‘ஓட்ட ஒடசல், ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று தெருவில் குரல் வந்திருக்கும். ஒரு பையன் உருண்டையைத் தூக்க முடியாமல் தூக்கி வந்திருப்பான். லண்டனில் பிரபு பட்டம் வாங்கிக் கொடுத்த குண்டு, ஆரணியில் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்திருக்கும். உபயோகத்தில் எது உசத்தி என்று பையனைக் கேட்டால் தெரியும்.

எல்லாக் குண்டும் இப்படிச் சாது இல்லை. அந்தக் காலத்து வயல்வெளிப் பீரங்கிகள் பெரும்பாலும் சுட்டது கெட்டிக் குண்டு. கல் மாதிரி. அது பாட்டுக்கு முந்நூறு வருஷம் கிடக்கும், கதவுக்கு முட்டுக்கொடுக்கும். கோட்டைக்குள் எறிகிற குண்டு வேறு ஜாதி. உள்ளே கூடு, கூட்டுக்குள் கருமருந்து, மேலே திரி செருக ஒரு துளை. துளை அடைபட்டு உள்ளே ஈரம் புகாமல் இருந்தால் அந்த மருந்துக்கு வயசாவதே இல்லை. அமெரிக்காவில் வர்ஜீனியாவில், 1860-களின் உள்நாட்டுப் போர்க் குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் ஒருவர் 2008-ல் அது வெடித்து இறந்தார். அந்தப் போரின் கடைசிச் சாவு என்று சொல்லலாம், 140 வருஷம் தாமதம்.

நமக்குப் பக்கத்திலேயே, கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்தில் நகரா என்ற ஊரில் 2018-ல் பாழுங்கிணறு ஒன்றைத் தோண்டினார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை கேட்டிருப்பீர்கள். அங்கே திப்பு காலத்து ராக்கெட்டுகள் 1000-க்கு மேல் புறப்பட்டன, சில மருந்தோடு. புள்ளலூரில் பெய்லி பார்த்து மிரண்ட அதே இரும்புக்குழாய் வம்சம். ஆரணியைச் சுற்றிக் கிணறுகளுக்குப் பஞ்சமில்லை என்பதை நினைத்துக்கொள்கிறேன்.

சென்னைக்காரர்களுக்கு அவர்கள் குண்டு தனி. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வந்து சுமார் 130 குண்டு போட்டுவிட்டு, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போய்விட்டது. உயர் நீதிமன்றச் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதைவிடப் பெரிய கல்வெட்டு நம் வாயில் இருக்கிறது. ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றும் சொல்கிறோம். 2006-ல் ‘எம்டன் மகன்’ என்று ஒரு படம் எடுத்தார்கள். தமிழ்ப் பெயர் வைத்தால்தான் வரிவிலக்கு என்றதும் அது ‘எம் மகன்’ ஆயிற்று. பிரிட்டிஷ் கடற்படைக்குத் தண்ணி காட்டிய எம்டன், நம் வணிகவரித் துறையிடம் மூழ்கியது.

சிரிப்பு ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. 2004-ல் காசியாபாத் பக்கம் ஒரு உருக்காலையில், வெளிநாட்டிலிருந்து பழைய இரும்பாக வந்த குண்டுகள் வெடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். பாவம், அவர்கள் எந்தப் போரிலும் இல்லை. யாழ்ப்பாணம் போகும் வழியில் முகமாலையில், போர் முடிந்த 2009-க்குப் பிறகும் வருஷக்கணக்காக மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டிக் கண்ணிவெடி எடுத்தார்கள். எடுத்தவர்களில் பெண்கள் நிறைய, போரில் கணவனை இழந்தவர்கள் உட்பட. பெரியப்பா மாதிரி வாசலில் வைத்துக் கதை சொல்வதற்கு அவர்களுக்கு இன்னும் நூறு வருஷமாவது வேண்டும்.

நம் நாட்டில் சட்டம் ஒன்று இருக்கிறது. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம். மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருள் எதுவானாலும் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் இன்னும் பத்து ரூபாயாகவே இருக்கிறது. இன்றைய காயலாங்கடை விலைக்கு ஒரு கிலோ இரும்பே அதைத் தாண்டிவிடும். ஆகவே கிளைவ் சுட்ட குண்டு கிடைத்தால் அது சட்டப்படி புதையல். அந்த வகையில் பெரியப்பா ஒரு குற்றத்திலிருந்து தப்பித்தார். ஷாட்புட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

கோடையில் ஆரணிப் பக்கம் ஏரி, குளம், கிணறு தூர் வாருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரும்பு உருண்டை ஏதாவது தட்டுப்பட்டால் மண்வெட்டியை வைத்துவிட்டு மேலே ஏறிவிடுங்கள். கெட்டியா கூடா என்று தட்டிப் பார்க்க வேண்டாம், துளை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டாம், செல்பி வேண்டவே வேண்டாம். வி.ஏ.ஓ.வுக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லிவிட்டுப் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். காயலாங்கடைக்கு எடுத்துப் போகாதீர்கள். பேரீச்சம்பழம் இப்போது மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது.